ஏரியில் குதித்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் மருமகள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்கும் கதை ஒன்றுதான். ஏரியில் படகு கவிழ்ந்தது, அதிலிருந்த மாமியார் தத்தளித்தார், கரையில் நின்ற மாமனார் குதித்துக் காப்பாற்றினார், விஷயம் கல்யாணத்தில் முடிந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் மாமனார் அதை அவிழ்த்துவிடுவார்.

அன்று கரையிலிருந்து படம் பிடித்தவர் மாமியாரின் அண்ணன். வீடு மாறும்போது ஒரு பெட்டி நிறையப் பிலிம் சுருள்களைக் கொடுத்தனுப்பினார். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பழைய சாமான் கடைக்குப் போய் ஒரு புரொஜெக்டரைத் தூக்கிவந்தார். பெட்டியிலும் 'எட்டு மில்லிமீட்டர்' என்றிருந்தது, புரொஜெக்டரிலும் அப்படியே இருந்தது. அதற்கு மேல் என்ன பொருத்தம் பார்ப்பது?

சுருளின் நடு ஓட்டை பெரிது, புரொஜெக்டரின் கம்பியோ ஒல்லி. மாமனார் இடுக்கில் அட்டையை மடித்துச் செருகினார். ஓடவிட்டதும் படம் வெட்டுக்கிளியாகத் துள்ளியது. பிறகு புரொஜெக்டர் பிலிமைக் கடிக்கத் தொடங்கியது. மருமகள் பாய்ந்து போய் அணைத்தாள்.

கடிபட்ட துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தாள். ஓரத்துத் துளைகள் சின்னவை, ஒவ்வொரு படத்துக்கும் பக்கவாட்டில் நடுவே இருந்தன. பெட்டியின் அடியில் கிடந்த இன்னொரு சுருளில் துளைகள் பெரியவை, இரண்டு படங்கள் சேரும் இடத்தில் இருந்தன.

"ரெண்டும் எட்டுதான் மாமா. ஆனா அடியில இருக்கறது பழைய எட்டு. நீங்க ஓட்டினது அதுக்கப்புறம் வந்த சூப்பர் எட்டு. உங்க மெஷின் பழைய எட்டுக்கானது, அதுக்கு இது சேராது."

மறுநாள் அவளே கடைக்குப் போனாள். ஒரு குமிழைத் திருப்பினால் இரண்டு வகையையும் ஏற்கும் புரொஜெக்டரை, அங்கேயே ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொண்டு வந்தாள்.

மாமனார் அதற்குள் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி உட்கார வைத்திருந்தார். சுவரில் படகு கவிழ்ந்தது. ஒரு பெண் நிதானமாகக் கரையை நோக்கி நீந்தி வந்தாள். ஒல்லியான இளைஞன் ஒருவன் சட்டையோடு குதித்தான். குதித்தவன் மேலே வரவில்லை. அந்தப் பெண் திரும்பிப் போய், முங்கி, அவன் காலரைப் பிடித்துத் துணிமூட்டை மாதிரி கரைக்கு இழுத்து வந்தாள்.

அக்கம்பக்கத்தார் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிலிம் தலைகீழா ஓடுது," என்றார் மாமனார்.

மருமகள் மறுபேச்சில்லாமல் பின்னோக்கி ஓட்டும் விசையைத் தள்ளினாள். இப்போது மாமியார் அவரைக் கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் அமுக்கிவிட்டு நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் மாமனார் கால் முதலில் வெளியே எகிறி, காய்ந்த சட்டையோடு கரையில் நின்றார்.

"இப்படியா நடந்துச்சு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றார் மாமியார்.

மாமனார் தாடையைத் தடவினார். "முதல்ல ஓட்டினதே இருக்கட்டும்."

எல்லோரும் போனபின், இத்தனை காலம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மருமகள் மாமியாரிடம் மெல்லக் கேட்டாள்.

"நீச்சல் தெரியாம குதிச்சாரே, அது நிஜம்தானே," என்றார் மாமியார்.

கூடத்தில் மாமனார் சுருளை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். குதிக்கும் இடம் வந்ததும் நிறுத்துவதற்கு எந்த விசை என்று கேட்டார்.