ராஹீன் கோட்டையின் சாவி

“இந்த ஜன்னலைப் பாரு நோரீன். எதிரும் புதிருமா ரெண்டு கல் இருக்கை. ஒருத்தருக்குன்னு கட்டியிருந்தா ஒண்ணோட விட்டிருப்பாங்க.”

“வெளிச்சம் இங்க மட்டுந்தானே வரும். ரெண்டு பேர் உக்காந்து தையல் போட்டிருப்பாங்க.”

“தையல் போட்டாங்களோ, சண்டை போட்டாங்களோ. ரெண்டு பேர் இருந்தாங்க.” கோல்மன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “உன் அடுப்படியிலயும் ரெண்டு நாற்காலி இருக்கு. நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?”

“ஐயய்யோ, அதெல்லாம் எதுக்கு கோல்மன். வேண்டாம், வேண்டாம்.”

“சரி.”

“மழை வரும்போல இருக்கு.”

“ஆமா. வரும்.”

அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ராஹீன் கோட்டையின் மேல்மாடியில் நடந்த பேச்சு அது. அன்று மழை வரவில்லை. கோல்மன் மறுபடி கேட்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தேநீர் குடிக்கிறீர்களா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அட, ஒரு வாய் குடியுங்கள் என்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, உங்களுக்காக அரைக் கோப்பை என்று உட்காரலாம். முதல் தடவையே தலையாட்டுகிறவனை வெளியூர்க்காரன் என்று மன்னித்துவிடுவோம். உள்ளூர்க்காரனாக இருந்தால் அவன் அம்மாவைப் பற்றிப் பேசுவோம்.

நோரீன் ஹோகனும் அப்படி வளர்ந்தவள்தான். பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை, வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, பின்னால் வயலில் நான்கைந்து மாடுகள் என்று நாற்பத்தெட்டு வயது வரை ஓடிவிட்டது. முதல்முதலாக ஒருவர் அவளைக் கேட்டபோது, தேநீருக்குச் சொல்வதையே அவள் வாய் சொல்லிவிட்டது. அடுத்த தடவை கேட்பார் என்று வயலைத் தாண்டி வீடு வரும்வரை காத்திருந்தாள். அப்புறம் ஆறு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

அந்த ஆறு வருஷமும் கோல்மன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டுக்கு வந்தார். பழைய கல் கோபுர வீடான ராஹீன் கோட்டை அவள் வயலின் ஓரத்தில் நிற்பதால் சாவி அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும், உள்ளங்கை நீளத்துக்கு. கோல்மன் பள்ளியில் மரவேலை கற்றுக்கொடுத்தவர், மனைவியை இழந்து வெகுகாலமானவர், கோட்டைப் பைத்தியம் என்று ஊரே சொல்லும். அவருக்குத் துணையாகப் போய்ப்போய் நோரீனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. கோடை முடியும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றியிருக்கும் கோட்டைகளையெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது அவர்கள் வழக்கம்.

இந்த வருஷம் அந்த ஞாயிறு வந்தபோது கோல்மன் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை நின்றது. அவருடைய தங்கை பெர்னி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் தனியாக இருக்கிறாள். வந்து என்னோடு இரு என்று கூப்பிட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஷானனிலிருந்து விமானம்.

தேவாலயத்தில் பூசை முடிந்து இருவரும் படகுத்துறைக்குப் போனார்கள். அங்கிருக்கும் கோட்டையின் சாவி எதிரே உள்ள மதுக்கடையில், கான்செப்டாவிடம் இருக்கும்.

“ராஜாவும் ராணியும் கிளம்பியாச்சா?” என்றாள் கான்செப்டா, கோப்பையைத் துடைத்தபடி. “ஏன் கோல்மன், பெர்த்துல ஒரு கோட்டைகூடக் கிடையாதாமே. ஞாயித்துக்கிழமை எதைப் போய்ப் பார்ப்பே?”

“கடல் இருக்கே.”

“கடல் இங்கயும்தான் இருக்கு. டிக்கெட் வாங்காமலே பார்க்கலாம்.” அவள் சாவியை நோரீன் கையில் வைத்து, ஒரு விநாடி கையை விடாமல் பிடித்திருந்தாள். “நீயாவது சொல்லக் கூடாதா?”

“நான் என்னத்தைச் சொல்ல?” என்றாள் நோரீன்.

படகுத்துறைக் கோட்டையின் சுழல்படியில் ஏறும்போது ஓரிடத்தில் நோரீனின் கால் தானாக உயர்ந்தது. அந்த ஒரு படியை மட்டும் வேண்டுமென்றே உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். இருட்டில் வாளோடு ஓடி வருகிற எதிரி அதில் தடுக்கி விழுவான். வீட்டு மனிதர்களின் கால்களுக்கு மட்டும் அது பழகியிருக்கும். இந்தக் கோட்டையைக் கட்டிய மேஸ்திரி எத்தனை குறும்புக்காரனாக இருந்திருப்பான் என்று ஒவ்வொரு முறையும் அவளுக்கு வியப்பாக இருக்கும். இன்று வேறொன்று தோன்றியது. அவளுடைய காலும் இந்த வீட்டுக் காலாகிவிட்டது. அப்படி ஆக்கியவர் முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனார், குதிரையின் கழுத்தைத் தடவுகிற மாதிரி.

அடுத்தது டூனார்ட் கோட்டை. அதன் சாவி பீடர் டாலியின் வீட்டில் இருக்கிறது. எண்பதைத் தாண்டிய, கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனிதர். வானொலியில் ஹர்லிங் ஆட்டத்தின் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் சோடா ரொட்டியும் வெண்ணெயும் முன்பே தயாராக இருந்தன.

“வாங்க வாங்க. தேநீர் போடறேன்.”

“வேண்டாம் பீடர், இப்பத்தான் காலை ஆகாரம் ஆச்சு,” என்றார் கோல்மன். அவர் விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நோரீனுக்குத் தெரியும்.

“அட, தண்ணி கொதிச்சே கிடக்குது. ஒரு வாய்.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

பீடர் மூன்றாவது தடவைக்காக வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே வேலிப் படலை சாய்கிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்புக் கிடாரி நிதானமாகச் சாலைப் பக்கம் நடந்துபோனது.

“அந்தத் தேவடியா...” என்று ஆரம்பித்தவர் நோரீனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “சாவி ஆணியில இருக்கு, எடுத்துக்குங்க.” தடியோடு ஓடிவிட்டார்.

கிடாரியை மடக்கிப் பிடிக்க கோல்மனும் ஓடினார். பீடர் அதை இழுத்துக்கொண்டு பின்வயலுக்குப் போய்விட்டார். சமையலறையில் கெண்டி அது பாட்டுக்கு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இல்லாமல் எப்படி உட்காருவது? இருவரும் சாவியை எடுத்துக்கொண்டு கோட்டைக்கு நடந்தார்கள்.

டூனார்ட்டின் வளைவுக் கூரையைத்தான் நோரீனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். குச்சிகளைப் பின்னித் தட்டி செய்து, அதை வளைத்து நிறுத்தி, அதன் மேல் கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தட்டி போய் ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டது. அதன் பின்னல் மட்டும் காரையில் அப்படியே பதிந்திருக்கிறது. எந்தக் குச்சி எதன் மேல் போகிறது, எங்கே ஒரு குச்சி போதாமல் இன்னொன்றைச் செருகினார்கள், எல்லாம் தெரியும். யாரோ இரண்டு கைகள் ஒரு நாள் செய்த வேலை. தலையை அண்ணாந்து அவர்கள் வெகுநேரம் பார்த்தார்கள்.

“இதைத்தான் அங்க நினைச்சுக்குவேன்,” என்றார் கோல்மன்.

மாடி விளிம்பில் போய் உட்கார்ந்ததும் அவர் உதட்டை நக்கினார். “நாக்கு வறண்டு ஒட்டுது. அந்த மனுஷன் மூணாவது தடவை கேட்டிருந்தா சரின்னிருப்பேன். பாழாப்போன கிடாரி.”

நோரீன் சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவு சிரித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னது நீதானே,” என்றாள்.

“அது வேண்டாம்னு அர்த்தமா? பீடருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.”

“வேற விஷயத்துலயும் அப்படித்தானா?”

“எந்த விஷயத்துல?”

“பொதுவாத்தான் கேக்கறேன். தேநீரைவிடப் பெரிசா ஒண்ணு. ஒருத்தர் கேக்கறார், இன்னொருத்தர் வேண்டாம்னு சொல்றாங்க.”

கோல்மன் கடலைப் பார்த்தார். கீழே அலை பாறையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“பெரிய விஷயத்துல வேண்டாம்னா வேண்டாம்தான் நோரீன். மறுபடி மறுபடி கேட்டு ஒரு பொம்பளையை நச்சரிக்கக் கூடாது. அவ வீட்டுக்கு வாராவாரம் சாவி வாங்கப் போறவன் நிச்சயமாக் கேட்கக் கூடாது. அப்புறம் அவ எந்த மனசோட கதவைத் திறப்பா?”

ஆறு வருஷமாகக் காத்திருந்தும் நோரீன் உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தது வேறு. ஏதோ ஒரு பேச்சுக்குக் கேட்டிருப்பார், நான் வேண்டாம் என்றதும் தப்பித்தோம் என்று நிம்மதியாகியிருப்பார் என்று. இந்த மனிதர் அப்படி இல்லை. தன் ஆசையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, அவள் கதவைத் திறக்கும்போது கூசக் கூடாதே என்று ஒவ்வொரு ஞாயிறும் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருக்கிறார். கூரையில் பார்த்த அந்தப் பின்னல் அவளுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை பொறுமையை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. அவர் இனிமேல் கேட்கப் போவதில்லை. பெர்த்துக்குப் போனாலும், அங்கேயே கிழவராகிச் செத்தாலும் கேட்க மாட்டார்.

பீடரின் வீட்டில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் காரில் கிளம்பினார்கள். வழியெல்லாம் கோல்மன் வீடு வாங்க வந்தவர்களைப் பற்றிப் பேசினார். லிமெரிக்கிலிருந்து ஒரு ஜோடி, நாளைக் காலை கையெழுத்து. பட்டறையில் இருக்கும் உளிகளையெல்லாம் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். நோரீன் ம் என்றாள். காலையிலேயே எடுத்து வந்து அவள் மடியில் வைத்திருந்த ராஹீன் சாவி வெயில் பட்டுச் சூடாகியிருந்தது.

ராஹீனுக்கு வந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. மாடுகள் வழிவிட்டு நகர்ந்தன. கோல்மன் பூட்டில் சாவியை வைத்து, எப்போதும் போலக் கொஞ்சம் தூக்கித் திருப்பினார். வாசலுக்கு நேர் மேலே, உள்ளே வருகிறவன் தலையில் கல்லைப் போடுவதற்காக விட்டிருக்கும் துளையை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னைக்கும் யாரும் கல்லைப் போடல,” என்றார். ஒவ்வொரு வாரமும் சொல்வதுதான்.

“உனக்கு அதிர்ஷ்டம்,” என்றாள் நோரீன். அதுவும் ஒவ்வொரு வாரமும் சொல்வதுதான்.

மேல்மாடி ஜன்னலில் வெளிச்சம் சாய்வாக விழுந்து, கல் இருக்கைகள் இரண்டும் தேன் நிறமாகியிருந்தன. எத்தனையோ பேர் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழவென்று குழிந்திருந்தது. வெளியே கடல், அதற்கப்பால் தீவுகள், கூரையிலிருந்து எழும்பி மறுபடி அமர்கிற காக்கைக் கூட்டம். கோல்மன் வழக்கமான பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். முழங்கால்கள் தொட்டுவிடாதபடி இருவரும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்கள். அதுவும் ஆறு வருஷப் பழக்கம்.

“நல்ல கோட்டை,” என்றார் அவர் மெதுவாக. “இருக்கறதுலயே இதுதான் நல்லது. எப்பவும் உன்கிட்ட சொல்லணும்னு நினைப்பேன்.” சாவியை அவள் பக்கம் நீட்டினார். “இந்தா. இனிமே இது கதவுக்குப் பின்னாலயே இருக்கும்.”

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“மழை வரும்போல இருக்கு,” என்றாள்.

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. திரும்பி அவளைப் பார்த்தார்.

நோரீன் முழங்காலை நகர்த்தி அவர் முழங்காலோடு சேர்த்து வைத்தாள். கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் தொண்டை வரை வந்து திரும்பிப் போன சொற்கள் அவை. கடைசியில் சாதாரணமாகத்தான் வெளியே வந்தன.

“அன்னைக்கு இதே இடத்துல ஒண்ணு கேட்டியே கோல்மன். அதை இன்னொரு தடவை கேளு.”