லைன்ல இருங்க

2024 மார்ச் 4, திங்கட்கிழமை. சிட்லபாக்கம், ஏரிக்குப் பின்புறத் தெரு. காலை 10.12க்குப் படம் வந்தது. 11.47க்குப் போனது.

ஜீவரத்தினம் இரண்டு நேரங்களையும் டைரியில் குறித்துக்கொண்டார். காட்டாங்குளத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் முப்பத்தொரு வருடம் டெக்னீஷியனாக இருந்தவர். எழுதி வைக்காதது நடக்காதது என்று நினைக்கிற பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. கல்லூரி வேண்டாமென்று கழித்துப்போட்ட எட்டடி டிஷ்ஷைக் குட்டியானையில் ஏற்றிவந்து மொட்டை மாடியில் நிறுத்தியதும் அந்தக் காலத்தில்தான். அது ஒரே ஒரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அதிலிருந்து இருபத்திரண்டு சேனல்கள் இறங்கின. செயற்கைக்கோளுக்கு வயதாக ஆக ஒவ்வொன்றாக வேறிடத்துக்குக் குடிபோயின. கடைசியில் திரையில் மிஞ்சியது ஒரு நீலப் பலகை மட்டும். ‘இந்தச் செயற்கைக்கோள் 31.03.2024 அன்று ஓய்வு பெறுகிறது’ என்று வெள்ளை எழுத்து. பின்னால் நாற்பது வினாடிப் புல்லாங்குழல், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

அதுவும் நாள் முழுக்க வராது. நின்ற இடத்தில் நிற்பதற்கான எரிபொருள் தீர்ந்துபோன செயற்கைக்கோள், லைசன்ஸ் எடுக்க வந்தவன் மைதானத்தில் போடுவதைப் போல, வானத்தில் தினமும் ஓர் எட்டு போடும். அந்த எட்டின் கீழ் வளைவுக்கு டிஷ்ஷைத் திருப்பி வைத்திருந்தார். நாளுக்கு ஒரு முறை, சுமார் ஒன்றரை மணி நேரம், அது நேரே வந்துவிட்டுப் போகும். நேற்றைவிட இன்று நான்கு நிமிடம் முன்னதாக. இன்றைவிட நாளை நான்கு நிமிடம் முன்னதாக. நட்சத்திரங்கள் உதிக்கிற கணக்கும் அதுதான். பார்க்க ஒன்றுமில்லாத பலகையை அவர் தினமும் போட்டுப் பார்த்ததற்கு, வருகிறதா என்று தெரிந்துகொள்வதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை நீலம் வந்து குழல் தொடங்கியதும், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரத்தினபாய், "லைன்ல இருங்க" என்றாள்.

பதினாலு மாதமாக அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. போன வருடம் ஜனவரியில் வந்த பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. கை பாதி திரும்பியது. கிழக்குத் தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், "வரலாம் அங்கிள், வராமலும் போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஜீவரத்தினம் கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தார். அந்தச் சத்தத்துக்கு அவள் முகத்தைத் திருப்பாமலேயே, "யாருங்க பேசறது? கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றாள்.

அது அவளுடைய வேலைக் குரல். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்து, மூன்று மூன்று நிமிடமாகப் பேசிய காலத்தில் அவள் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அந்த ஒன்றரை மணி நேரத்தில் திருச்சி பிஸி என்றாள், மதுரை கிடைக்கவில்லை என்றாள். நடுவில் ஒரு தரம், தன் சாதாரணக் குரலில், "காபி ஆறுது பாருங்க" என்றாள். ஜீவரத்தினம் எழுந்து போய்ச் சமையலறையில் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். 11.44க்கு அவள், "த்ரீ மினிட்ஸ் ஆச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்று கேட்டாள். 11.47க்கு நீலம் கட்டம் கட்டமாக உடைந்து போனது. அவள் ‘சேல’ என்று ஆரம்பித்த சொல்லைச் சேலம் என்று முடிக்கவில்லை. வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் 10.08க்குப் படம் வந்தது, பேச்சும் வந்தது. 11.40க்கு, எக்ஸ்டெண்ட் பண்ணவா? 11.43க்கு இரண்டும் போயின. வெள்ளிக்கிழமை அவள் மணி பார்க்க முடியாதபடி அறையின் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் வைத்தார். அன்றைக்கும் சரியாக மூன்று நிமிடம் முன்பாகவே கேட்டாள். அப்போதெல்லாம் திரையில் ஒரு சின்னக் கோடுகூட விழுந்திருக்காது.

மேடவாக்கத்திலிருந்து மகள் கெசியா சனிக்கிழமை வந்தாள். அம்மா தன்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டதும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னாள்.

"அம்மாவுக்கு அந்த ம்யூசிக் பிடிச்சிருக்குப்பா, அவ்ளோதான். முப்பத்தொண்ணாம் தேதி போனா போகட்டும். ரெக்கார்ட் பண்ணி பென்டிரைவ்ல போட்டுடலாம். நாள் பூரா ஓடட்டும்."

"நானும் அதையேதான் நினைச்சேன்."

"நீங்க நினைப்பீங்க, செய்ய மாட்டீங்க."

சாயங்காலம் நான்கு மணிக்குப் பதிவைப் போட்டார்கள். அதே நீலம், அதே குழல். ரத்தினபாய் பார்த்தாள். படுக்கையில் கிடந்த ரிமோட்டை இடது கையால் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு அதைத் திரும்பப் படுக்கையில் போட்டாள். டெட் ஆன போனை எப்படி வைப்பார்களோ அப்படி வைத்ததாக ஜீவரத்தினத்துக்குத் தோன்றியது. கெசியா பென்டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பு, வாரத்துக்கொரு முறை பாளையங்கோட்டையில் இருந்த அண்ணன் காலேபுக்கு அவர் பி.பி. கால் போடுவார். குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் இணைப்பு, ஆள் இல்லையென்றால் கால் ரத்து, அதுதான் பி.பி. ஆபரேட்டர் இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். ‘ஜீவரத்தினம் பேசறது, காலேப் வேணும், சரியா?’ என்று ஒரு பெண் குரல் கேட்கும். பிறகொரு நாள் பெண் பார்க்கப் போன வீட்டில், உள்ளேயிருந்து ‘சர்க்கரை எத்தனை ஸ்பூன்?’ என்று கேட்ட குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஜீவரத்தினம் என்ற பெயர் அவள் வாயில் வரவேயில்லை. இங்க பாருங்க, கெசியா அப்பா, அவ்வளவுதான். "அன்னிக்கு வாரா வாரம் சொன்னியே" என்று கிண்டல் செய்தால், "அது டியூட்டி" என்பாள். இப்போது திரும்பவும் டியூட்டியில் இருக்கிறாள். 31ஆம் தேதிக்குள் ஒரு தரம் சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தார்.

அவள் வேறு பெயர்களைக் கேட்டாள். "தபீதாள் இருக்காங்களா? பி.பி. கால்." கொஞ்சம் காத்திருப்பாள். பிறகு, "பார்ட்டி வந்துட்டாங்க, பேசுங்க." தபீதாள் எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலிக்காரி, கேன்சரில் போனவள். இன்னொரு நாள் ஸ்ரீநிவாசராகவன். எதிர் வரிசை வீட்டுக்காரர், கொரோனாவில் போனார். பழைய ஞாபகங்கள் என்று ஜீவரத்தினம் எழுதிக்கொண்டார். பதினெட்டாம் தேதி அவள், "பிரசன்னா இருக்காளா?" என்றாள். பிரசன்னா, கெசியாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். போன ஜூலையில் பைபாஸில் லாரி இடித்துச் செத்துப்போனாள். ரத்தினபாய் படுக்கையில் இருந்ததால் அவளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் டைரியை முதலிலிருந்து புரட்டினார். ஒன்பது பெயர்கள். உயிரோடிருக்கிற ஆள் ஒருவர்கூட அதில் இல்லை.

அன்றிலிருந்து அவருடைய ஆசை ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் பெயரைச் சொல்ல மாட்டாளா என்று இருந்தது. சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது.

இருபதாம் தேதி கெசியா அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு தாம்பரத்திலிருந்து தீனா வந்தான். நாற்பது வயதிருக்கும். சின்ன டிஷ் மாட்டிப் புதுச் செயற்கைக்கோளுக்குத் திருப்பிக் கொடுப்பது அவன் வேலை. மாடிக்குப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"இன்னா சார், இம்மாம் பெரிய சட்டிய மல்லாத்தி வச்சிகினு கீற. இதுல இருந்தவன் அல்லாம் காலி பண்ணிகினு பூட்டான் சார். மழைத் தண்ணியாவது புடிக்கலாம்."

"ஒண்ணு மட்டும் வருதுப்பா."

"அதுவும் பத்து நாள்ல பூடும்."

ரத்தினபாயின் அறையில் ஒயரைக் கழற்றாமல் தன் மீட்டரைச் சொருகிப் பார்த்தான். அவள் கதவுப் பக்கம் பார்த்து, "காலேப் இருக்காரா? பி.பி. கால்" என்றாள். சற்றுப் பொறுத்து, "பார்ட்டி வந்துட்டாங்க, பேசுங்க."

"எந்தப் பார்ட்டிம்மா?" என்றான் தீனா. "எலெக்சன் டைமு. அல்லாப் பார்ட்டியும் தெருவுலதான் கீது."

ஜீவரத்தினம் சிரிக்கவில்லை. 10.40க்கு அவள் எக்ஸ்டெண்ட் பண்ணவா என்று கேட்டபோது, "அம்மா இன்னா சொல்றாங்க?" என்றான்.

"இன்னும் மூணு நிமிஷத்துல படம் போயிடும்ங்கறா."

"சும்மா இரு சார். சிக்னல் எழுவத்திரண்டு கீது. கல்லு மாரி நிக்குது பாரு."

மீட்டரை அவர் கண்ணருகே தூக்கிக் காட்டினான். காட்டிய கையை இறக்கவில்லை. எழுபத்திரண்டு அப்படியே நின்றது. பிறகு நாற்பது, பதினொன்று, பூஜ்யம். நீலம் உடைந்தது. தீனா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ரத்தினபாயைப் பார்க்கவில்லை.

"காலேப்புன்னு யாரையோ கேட்டாங்களே சார், யாரு அது?"

"எங்க அண்ணன். தொண்ணூத்தி எட்டுல போயிட்டார்."

தீனா ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தான். "அது ஓடற வரிக்கும் ஓடட்டும் சார். அப்பால வந்து மாட்டித் தரேன்" என்றான். கொடுத்த காபி பாதி அப்படியே இருந்தது. அவன் வண்டி தெருமுனை திரும்பும் வரை ஜீவரத்தினம் கேட்டில் நின்றார்.

மார்ச் 31 ஈஸ்டர். கெசியா முந்தின நாளே வந்து தங்கியிருந்தாள். ஏழரை மணி ஆராதனைக்குக் கிளம்பும்போது, "நீங்களும் வாங்கப்பா, அம்மாவை எதிர்வீட்டு ஆன்ட்டி பாத்துப்பாங்க" என்றாள். அவர் வரவில்லை என்றார். "இன்னிக்குத்தான் கடைசியா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று பலகையில் போட்டிருக்கவில்லை. நள்ளிரவே நிறுத்தியிருக்கலாம். 

8.24க்குப் படம் வந்தது. டைரியில் எழுதினார்.

"லைன்ல இருங்க" என்றாள் ரத்தினபாய். அன்றைக்கு அவள் நன்றாகப் பேசினாள். கெசியா சேலையில் போனாளா என்று கேட்டாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். கணக்குப்படி 9.59 வரை நேரம் இருந்தது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்த ஒன்றரை மணி நேரம் போதும் என்று நினைக்கப் பார்த்தார். 8.57க்கு அவள் சொன்னாள்:

"த்ரீ மினிட்ஸ் ஆச்சு சார். எக்ஸ்டெண்ட் பண்ணவா?"

ஒரு மணி நேரம் முன்னதாகவே. இருபத்தேழு நாளும் அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னதில்லை. அது தன்னைக் கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டதில்லை. 

"பண்ணு ரத்னா" என்றார்.

"சரி சார்."

ஒன்பது மணிக்கு நீலம் போனது. எப்போதும்போல் உடையவில்லை, ஒரே வெட்டாக நின்றது. குழல் பாதியில் அறுந்தது. கறுப்புத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து வந்தது. ஜீவரத்தினம் மனைவியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை மூடவில்லை. அவள் இடது கை ரிமோட்டைத் தேடி எடுத்துக் காதில் வைத்தது. யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து, உம், உம் என்றாள். பிறகு திரும்பி, அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஜீவரத்தினம் இருக்காரா? பி.பி. கால்."

நாற்பது வருடத்துக்கு முந்தைய அதே குரல், அதே அழுத்தம். அவருக்கு விதி தெரியும். ஆள் இல்லை, வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டால் போதும், கால் ரத்தாகிவிடும். ஆபரேட்டரும் லைனை விட்டுப் போய்விடுவாள். திரையில் எதுவும் இல்லை. இனி நாளைக்கு 8.20 என்று ஒன்று கிடையாது. அவள் காத்திருந்தாள், அவசரப்படுத்தாமல், எக்ஸ்சேஞ்சில் காத்திருப்பது போலவே.

"இருக்கேன்" என்றார் ஜீவரத்தினம்.

"பார்ட்டி வந்துட்டாங்க" என்று ரிமோட்டுக்குள் சொல்லிவிட்டு, அதை அவரிடம் நீட்டினாள். "பேசுங்க."

கெசியா சர்ச்சிலிருந்து திரும்பியபோது மணி 10.20. கேட் திறந்த சத்தத்துக்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அறைக்குள் அம்மா பேசும் குரல் கேட்டதும், படம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். டிவி கறுப்பாக இருந்தது. அப்பா கட்டிலருகே முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து எதையோ காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருப்பா போன்ல?"

கொஞ்சம் இரு என்று அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அவர் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

"லைன்ல இருங்க" என்றாள் ரத்தினபாய்.

டைரி மேஜைமேல் திறந்தபடி இருந்தது. அன்றைய தேதியில் வந்த நேரம் 8.24 என்று எழுதியிருந்தது. போன நேரம் எழுதியிருக்கவில்லை.