கப்பலில் சொட்டிய எண்ணெய்

யோருனின் கார் கப்பலில் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பும். குளிர் கூடிய காலைகளில் முனகல் ஊளையாகிவிடும்.

"வாங்க டாக்டரம்மா. மாட்டுக்கு வைத்தியம் பாக்கப் போறீங்களா, இல்ல மாட்டையே உள்ள ஏத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றான் எய்லர்ட். மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழியான ஃபியோர்டைக் கடக்கும் அந்தக் கப்பலில் வண்டிகளை வரிசைப்படுத்துவது அவன் வேலை.

யோருன் கண்ணாடியை இறக்கினாள். "வாய மூடிட்டு வழியக் காட்டு."

"காட்டறேன். ஆனா நேத்து நீங்க நின்ன இடத்துல செவப்பா எண்ணெய். வழுக்கி விழப் பாத்தேன். கேப்டன் கண்ணுல பட்டா உங்கள ஏத்தவே மாட்டாரு." பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, காரின் மூக்குக்கு அடியில் காலால் தள்ளிவிட்டான்.

யோருன் இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முனகலை நிறுத்துவதற்காக, ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் தள்ளும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பை மாற்றிக் கொடுத்தது அவளுடைய அண்ணன் ஹால்வார். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து அவர் செய்த முதல் வேலை அது. முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. பம்ப் மாறியது, சத்தம் மாறவில்லை. அதை அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? குறைந்த எண்ணெயை அவளே ஊற்றிக்கொண்டாள். ஒர்க்‌ஷாப் வாசல் வழியாகப் போகாமல், தேவாலயத்துக்குப் பின்னால் சுற்றிப்போகப் பழகிக்கொண்டாள்.

அக்கரை நெருங்கியதும் எய்லர்ட் அட்டையை உருவி நீட்டினான். செம்பொட்டுகள் ஓர் ஓரமாகக் கூடியிருந்தன.

"உங்க சொத்து. நீங்களே வச்சுக்குங்க."

யோருன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பம்ப்பை மாற்றிய அன்று அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. பண்ணைகளில் குளிருக்குப் பயந்து அவள் இன்ஜினை ஓடவிட்டுத்தான் இறங்குவாள். அங்கேயும் பனியில் ஒரு பொட்டு கிடையாது. வீட்டுக் கொட்டகையின் மண்தரையில் சொட்டினாலும் தெரியாது. வழியில் கப்பலில் மட்டும்தான் இன்ஜினை அணைத்தாக வேண்டும். அப்போதுதான் சொட்டுகிறது.

அக்கரையில் ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்தாள். ஆயில் டப்பாவுக்குள் பீர் நுரைபோலப் பொங்கியிருந்தது. டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் விரலை ஓட்டினாள். கிளிப்புக்குப் பக்கத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. சின்ன வெடிப்பு. ஓடும்போது பம்ப் உறிஞ்சுகிறது. வெடிப்பு வழியே காற்று உள்ளே போகிறது. முனகுவது அந்தக் காற்று. நிறுத்தினால் உறிஞ்சல் நிற்கிறது. அதே வெடிப்பு வழியே எண்ணெய் வெளியே கசிகிறது.

அண்ணன் மாட்டிய பம்ப்பில் குறையே இல்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

மாலையில் திரும்பியவள் நேரே ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றாள். இன்ஜினை அணைப்பதற்குள் ஹால்வார் வெளியே வந்துவிட்டார்.

"வழி தெரிஞ்சுதா? தேவாலயத்தைச் சுத்திச் சுத்தி ரோடே தேஞ்சிருக்குமே."

"உனக்குத் தெரியுமாண்ணே?"

"நெஞ்சுலதான் கத்தி வச்சாங்க. காதுல வைக்கல." பார்வையைக் காரின் பக்கம் திருப்பி, "இவன் கை இனி ஆகாதுன்னு நீ வேற எங்கயோ வண்டியக் காட்டுறியோன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

"அய்யோ, அதெல்லாம் இல்ல. பம்ப் நல்லாத்தான் இருக்கு. ஹோஸ்தான்."

"ஹோஸ நான் பாத்தேன். காஞ்சு கெடந்துச்சு."

"இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல. இப்ப நிறுத்திட்டுப் பாரு."

அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். இருவரும் பனிச்சேற்றில் குந்தி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஹால்வார் அவளைத் திரும்பிப் பார்க்கப்போன நேரத்தில் ஹோஸின் வயிற்றில் சிவப்பாக ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது.

"அடடா, இதுவா" என்றார் அவர். அதில் வருத்தம் இல்லை; நெடுநாள் தேடிய ஆளைச் சந்தையில் கண்டதுபோல இருந்தது.

எழுந்தவர் கொஞ்சம் தயங்கினார். "ஜாக்கி அந்த மூலையில இருக்கு. நீயே தூக்கிட்டு வா. நான் கனம் தூக்கக்கூடாதாம்." ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் ஒருவரிடம் கேட்ட முதல் உதவி அது.

முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. ஹால்வார் புது ஹோஸை மாட்டி, கிளிப்பை இறுக்கி, டப்பாவை நிரப்பினார். இன்ஜினைப் போடாமலே யோருன் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பினாள்.

"மெதுவா. கப்பலா புறப்படப் போகுது? காத்து வெளிய வரணும்."

டப்பாவில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. எண்ணெய் இறங்க இறங்க அவர் ஊற்றினார். குமிழி நின்று எண்ணெய் கண்ணாடிபோலத் தெளிந்ததும் தலையசைத்தார்.

இன்ஜின் ஓடியது. யோருன் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாள். இன்ஜின் ஒலியும், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் ஒலியும்தான் கேட்டன. ஹால்வார் காதைச் சாய்த்து நெடுநேரம் கேட்டார்.

"நாளைக்கு ஒரு டிராக்டர் வருது. கனமான சாமான். வந்து ஒத்தாசை பண்றியா?"

"ஒரு பசு ஈனப்போகுதுண்ணே. அது முடிஞ்சதும் வர்றேன்."

"வா. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, அவர் காரைக் கீழே இறக்க ஜாக்கியின் கைப்பிடியை அவளிடம் நீட்டினார்.