உவரிக்கு மீன் வாங்கப் போன ஜீப்

பேட்டை மில்லில் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டுத் திசையன்விளையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்தாம் வருடம், ஆடி மாதம். பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. முகம் எப்போதும் கடுகடுவென்றுதான் இருக்கும். சவாரிக்கு வருகிறவர்கள் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

பக்கத்துத் தெரு ஆபிதா பீவி அக்கா மட்டும் பேசினாள்.

"தம்பி, நாளைக்கு உவரிக்கு மீன் வாங்கப் போணும். மச்சானும் வருவாஹ. ரோட்டுல வேண்டாம். தேரி வழியாப் போங்க."

மச்சான் என்றது அவள் புருஷன் தாஜ் முகம்மதுவை. உவரி மீன் தினமும் காலையில் திசையன்விளைக்கே வந்துவிடும். தேரியோ வெறும் செம்மணல் மேடு. ஆடிக் காற்றில் நேற்றுப் போன தடம் இன்றைக்கு இருக்காது. மணலில் எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுவும் நல்லதுதான்" என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

தாஜ் பாய் பல வருடம் சவூதிப் பாலைவனத்தில் ஜீப் ஓட்டியவர். அக்காவின் தம்பி யஹ்யாவுக்கும் விசா எடுத்துக் கூட்டிப்போனார். ஒருநாள் மணல் மேட்டில் வண்டி புரண்டது. பக்கத்து சீட்டில் இருந்த யஹ்யா அங்கேயே மௌத்தாகிவிட்டான். பாய் ஊர் திரும்பி இரண்டு வருடமாகிறது. இன்னும் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில்கூடக் கடைசி சீட்டில்தான் உட்காருவார்.

"என் தம்பி போயிட்டான். இவுஹளும் இப்படி இருந்தா நான் என்ன செய்ய? மணல்ல திரும்ப ஒரு தடவை ஓட்டிட்டா போதும்."

மறுநாள் காலையில் கிளம்பினோம். பாய் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்காவும் பின்னால்தான் இருந்தாள். கொல்லாமரங்கள் முடிந்து மணல் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே வண்டி சிக்கியது. நாலு வீலும் சேர்ந்து இழுப்பதற்கான சின்ன லிவரைப் போட்டேன். நாலு வீலும் சேர்ந்து குழி தோண்டின.

அக்கா இறங்கி வந்தாள். "டயர்ல காத்தை இறக்குங்க தம்பி. கேசட்டுல இவுஹ சொல்லியிருக்காஹ."

பாய் சவூதியிலிருந்து கடிதம் எழுத மாட்டாராம். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாராம். அதில் ஒன்றில் மணலில் வண்டி எடுக்கும் வித்தையை அவர் சொல்லும்போது யஹ்யா சிரிப்பது கேட்குமாம். அக்கா அதை அடிக்கடி போடுவாள். போட்டதும் பாய் எழுந்து வெளியே போய்விடுவார்.

"எவ்வளவு இறக்கணும்?"

"எட்டு மாசக்காரி வயிறு மாதிரி டயர் தள்ளணுமாம்."

முன் டயரின் வால்வைக் குச்சியால் அழுத்தினேன். காற்று சீறியது. டயர் மணலில் பரந்து உட்கார்ந்தது.

"இன்னும் இறக்குங்க."

"லே! கையை எடுலே!"

பாய் இறங்கி நின்றார். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"எட்டு மாசமா? மூணு மாசம்னுல்லா சொன்னேன்! எட்டு மாசம்னா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும். இத்தனை தடவை கேட்டும் வெளங்கலையா ஒனக்கு?"

"அந்த எடத்துல அவன் சிரிக்கதுதான் எனக்குக் கேக்கும். நீங்க சொல்லுதது கேக்காது."

பாய் முட்டி போட்டு உட்கார்ந்தார். நான் கெடுத்த டயருக்கு ஜீப்பில் இருந்த பம்பால் கொஞ்சம் காற்று அடித்தார். மற்ற மூன்றையும் தடவித் தடவி இறக்கினார். வீல்களுக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே வாரித் தள்ளினார்.

"ஏறி எடு. கிளச்சைப் பைய விடணும்."

பையத்தான் விட்டேன். வண்டி துள்ளி நின்றுபோனது.

"நீ மில்லுல நூல் சுத்தத்தாம்லே லாயக்கு."

"அதையும் விட்டுட்டேன் பாய்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே போய் முன்னால் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாயின் முகம் மாறியது.

"அங்கன இருக்காத ஆபிதா. பின்னால போ."

"போ மாட்டேன்."

"சொன்னாக் கேளு."

"அவன் இருந்த எடம்தான மச்சான். நான் இருக்கேன். நீங்க ஓட்டுங்க."

நான் இறங்கி நின்றேன். பாய் வெகு நேரம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறினார். பிஸ்மி சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனால் கிளச்சைப் பையத்தான் விட்டார். ஜீப் ஒரு தடவை குலுங்கி, மணலில் மிதப்பதுபோல மேட்டில் ஏறியது. நிறுத்தினால் திரும்பச் சிக்கும். அதனால் நான் பின்னாலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கெட்டித் தரையில் வண்டி நின்றிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பாய் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தார். அவர் முதுகில் அக்காவின் கை இருந்தது.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பம்பை எடுத்து நாலு டயருக்கும் காற்று அடித்தேன். நேரம் பிடிக்கிற வேலை. அவசரப்படவும் இல்லை.

அடித்து முடித்து, டிரைவர் பக்கம் போய் நின்றேன். பாய் நகரவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"என்னலே பாத்துக்கிட்டு நிக்க? பின்னால ஏறு. மீன் வாங்காண்டாமா?"