நடுவர் வீட்டு விருந்தாளி

"இந்த ஆளா நம்மாத்துல தங்கப் போறான்?" என்று கேட்டு, அவன் எழுதியதைத் திறந்துவைத்த செல்போனை வசுமதி கணவரின் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். சந்திரமௌலி காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தில்லி லக்ஷ்மிபாய் நகர்த் தமிழர்களான எங்களுக்கு எதையும் பட்டிமன்றமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்த மாதிரி. மாமியாரா மருமகளா என்று வருஷாவருஷம் பேசிச் சலித்துப்போய், இந்தத் தடவை புதுமையாகச் செய்வோம் என்றார் சங்கச் செயலாளர் ஜோதிலிங்கம். இணையத்தில் 'புரிதல் வட்டம்' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. குழந்தைகள்மேல் பெரியவர்களுக்கு வரும் இச்சையும் இயல்புதான், குழந்தைக்கும் சம்மதம் சொல்லத் தெரியும் என்று வழவழப்பான வார்த்தைகளில் விஷத்தை எழுதிவருகிற கூட்டம். 'குற்றமா, இயல்பா?' என்று தலைப்பு வைத்து, இரண்டாவது அணிக்கு அந்த வட்டத்திலிருந்தே ஒருவனை அழைத்தாயிற்று. நாங்கள் படித்தவர்கள் அல்லவா? இரண்டு தரப்பையும் கேட்காவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. வாட்ஸப் குழுவில் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தினோம். அந்த வட்டம் எழுதியதை யார் படித்தோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நடுவர் வழக்கம்போல் சந்திரமௌலி. மத்திய அரசில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் மனமும் நோகாமல் குறிப்பு எழுதுவதில் சூரர். வெளியூர்ப் பேச்சாளர் நடுவர் வீட்டு முன்னறையில் தங்குவது எங்கள் சங்க வழக்கம். அந்த முன்னறையில்தான் அவருடைய ஏழு வயதுப் பேத்தி மேதா தூங்குகிறாள்.

"மேதாவை நம்மோட உள்ள படுக்க வெச்சுக்கலாம்" என்றார் அவர்.

"ஏன்?"

 அவர் ஜோதிலிங்கத்தைப் போனில் கூப்பிட்டு, வேறு வீடு பார்க்கச் சொன்னார். ஜோதிலிங்கம் எங்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் வீட்டில் வெள்ளையடிப்பு, இன்னொருவர் வீட்டில் சம்பந்தி. என் வீட்டில் குழாய் ரிப்பேர் என்று நானும் சொன்னேன். கடைசியில் சாணக்யபுரி விருந்தினர் மாளிகையில் அறை கிடைத்துவிட்டதாக ஜோதிலிங்கம் போனில் சொன்னதும் சந்திரமௌலிக்கு உயிர் வந்தது.

வசுமதி போனை வாங்கினாள்.

"சரி, ரூம் கெடச்சுடுத்து. அவன் பேசறச்சே முன்வரிசைல கொழந்தைகளை ஒக்கார வெப்பேளா, இல்ல எழுப்பி வெளில அனுப்பிடுவேளா?"

அப்புறம் பேசுகிறேன் என்று ஜோதிலிங்கம் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் குழுவில் அறிவிப்பு வந்தது: தவிர்க்க இயலாத காரணங்களால் பட்டிமன்றம் ரத்து. அப்பாடா என்று நாங்கள் மறுபடியும் கட்டைவிரலை உயர்த்தினோம். எங்களுக்கு இருக்கும் வீரம் அந்த ஒரு விரலில்தான்.

வசுமதிக்கு அது போதவில்லை. அவள் கீழே எழுதினாள்: "காரணம் இதுதான். குழந்தையைச் சீரழிப்பதற்கு நியாயம் பேச ஒரு அணி கிடையாது. அதற்கு மேடை கொடுக்கப் பார்த்தோம். வெட்கமாக இருக்கிறது. அந்த வட்டத்தைப் பற்றி சைபர் போலீசுக்குப் புகார் கொடுத்துவிட்டேன்."

அனுப்புவதற்கு முன் கணவரிடம் நீட்டினாள். பிறர் எழுத்தின் கூர்மையை மழுக்கியே சம்பளம் வாங்கியவர் அவர். இருமுறை படித்தார்.

"எதையாவது மாத்தணுமா?" என்றாள்.

"வெட்கமா இருக்குன்னு போட்டிருக்கியே, அது யாருக்குன்னு இல்ல" என்றார் சந்திரமௌலி. "அங்க என் பேரைப் போடு."