ஒரே முகவரியில் இரண்டு பெட்டிகள்

மாப்பிள்ளையைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் மச்சான் முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். "உட்காருங்க மாப்ளே" என்பார். தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பார். அதற்குப் பிறகுதான், "உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்.

பாவம், அவருக்கு வேறு வழி இல்லை. காத்திருக்கும் கூடங்களில் மாட்டுகிற டோக்கன் பலகைகளைச் செய்து விற்கும் அந்தச் சின்னக் கம்பெனி மச்சானுடையது. ஆர்டர் பிடிப்பதும் சுவரில் துளை போட்டு மாட்டுவதும் அவர் வேலை. பலகைக்குள் இருக்கும் சிப்புக்குப் புத்தி சொல்லிக் கொடுப்பது மாப்பிள்ளையின் வேலை. வெளி ஆளாக இருந்திருந்தால் ஒருமையில் வெளுத்து வாங்கியிருப்பார். இவனோ ஒரே தங்கையைக் கட்டியவன். திட்டுக்கும் மரியாதை விகுதி சேர்த்தாக வேண்டியிருந்தது.

அன்றைக்கும் நாற்காலி வந்தது. மாப்பிள்ளை உட்கார்ந்தான்.

"போன வாரம் முழுக்க என்ன பண்ணீங்க?"

"பலகையே தன்னோட ரூட் டேபிளையும் அட்ரஸ் டேபிளையும் காட்டுற மாதிரி எழுதியிருக்கேன் மச்சான்."

"யாருக்குக் காட்டும்?"

"நமக்குத்தான். இப்போ ஏதாவது கோளாறுன்னா பலகையைக் கழற்றி இறக்கி, பின்னாடி கேபிள் செருகி லேப்டாப்புல பார்க்க வேண்டியிருக்கு. இனிமே ரிமோட்ல ஸ்டார் பொத்தானை அழுத்திப் பிடிச்சா போதும். எந்தப் பக்கம் போக எந்த வழி, எந்த முகவரியில எந்தப் பெட்டி இருக்கு, எல்லாம் பலகையிலேயே வரும்."

மச்சான் கண்ணை மூடித் திறந்தார். "மாப்ளே, கஸ்டமர் டோக்கன் நம்பரைப் பார்க்கத்தான் பலகை வாங்குறான். அதோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க வாங்கலை. ஓடுற எழுத்துல பூ விழுற மாதிரி ஒரு டிசைன் கேட்டேனே, அது எங்கே?"

பூ இன்னும் விழவில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அடித்து அவனைக் காப்பாற்றியது. கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேஜைப் பெண். ஸ்பீக்கரில் போடாமலேயே அவள் குரல் இரண்டு அறைக்கும் கேட்டது.

"உங்க போர்டுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு சார்! நாலு, அஞ்சு, ஆறுன்னு ஒழுங்காப் போயிட்டிருந்தது. திடீர்னு முப்பத்தெட்டுங்குது. முப்பத்தெட்டு இன்னும் வீட்டை விட்டே கிளம்பலை. இங்கே சண்டை நடக்குது, சீக்கிரம் வாங்க!"

வேனை மச்சான்தான் ஓட்டினார். வழி நெடுக, "நீங்க புதுசா எழுதினதுதான் உள்ளே ஏதோ கிளறி விட்டிருக்கு. குறை சொல்றேன்னு நினைக்காதீங்க" என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளைக்கே அப்படித்தான் இருக்குமோ என்றிருந்தது. போன வாரம்தான் அந்தப் பலகையில் புது மென்பொருளை ஏற்றியிருந்தான்.

மருத்துவமனைக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பெஞ்சுகளில் கூடைகள், கூடைகளுக்குள் பூனைகள். ஒரு மூலையில் கூண்டுக் கிளியோடு ஒரு பெரியவர். கதவோரம் ஒரு தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு. அவர் காலடியில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய். அதன் பெயர் சுண்டெலி. வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகப் பதித்த ஒரு எடை மேடை. வருகிற பிராணியை அதில் ஏற்றி நிறுத்தினால் எடை டாக்டர் அறையில் உள்ள சின்னத் திரைக்குப் போய்விடும். அதுவும் இவர்கள் கம்பெனிச் சரக்குதான், மாட்டி நாலைந்து நாள் ஆகியிருந்தாலும் அன்றைக்குத்தான் உபயோகத்துக்கு வந்தது.

நடுக்கூடத்தில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு சீட்டோடு நின்றார்கள். ஆறாம் எண்காரி பூனையோடு ஏற்கெனவே உள்ளே போய் வந்து, அதன் எடையையும் பார்த்துவிட்டாள். ஆனால் பலகை மறுபடியும் ஆறு என்று கூப்பிட, அவள் மறுபடியும் உள்ளே போக, அவள் பூனைக்கு மறுபடியும் ஊசி போட ஆயத்தமாகிவிட்டார்கள். கடைசி நொடியில் பூனையே சம்மதிக்கவில்லை. கம்பவுண்டரின் கையில் நான்கு கோடு.

"என் நம்பர் ஏழு. ஏழைக் கூப்பிடவே இல்லை, ஆறு ரெண்டு தடவை! என் முயலுக்கு உயிர் இல்லையா?" என்று மற்றவள் கேட்டாள்.

மச்சான் இரண்டு கையையும் உயர்த்தி, "ஒரு நிமிஷம்மா, ஒரு நிமிஷம். எங்க இன்ஜினியரே நேர்ல வந்திருக்கார்" என்று மாப்பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டார். பாராட்டுவது போலத்தான் இருந்தது. பலி கொடுப்பது போலவும் இருந்தது.

பலகை சுவரின் உச்சியில் இருந்தது. ஏணி கேட்டான், பூட்டிய அறையில் இருக்கிறதாம், சாவிக்காரர் வெளியே போயிருக்கிறாராம். மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தான். மச்சான் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ரிமோட்டை எடுத்து ஸ்டார் பொத்தானை அழுத்திப் பிடித்தான்.

டோக்கன் எண் மறைந்தது. சிவப்பு எழுத்தில் வழிகளின் பட்டியல் மேலே ஏறத் தொடங்கியது. முதல் வரி: 0.0.0.0.

"போச்சு, எல்லாம் சைபராயிடுச்சு!" என்று கிளிக்காரர் அறிவித்தார்.

"இல்லைங்க ஐயா. வேற வழி தெரியாததையெல்லாம் இந்தப் பக்கம் அனுப்புன்னு அர்த்தம்."

"அப்போ எங்களை எந்தப் பக்கம் அனுப்பப் போறீங்க?"

அடுத்த வரி 10.0.0.0 என்று வந்தது. பத்தாம் எண்காரர் துள்ளி எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அவரை உட்கார வைக்கவே வரவேற்புப் பெண்ணுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மச்சான் மாப்பிள்ளையின் காதருகே குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "மானத்தை வாங்காதீங்க, ப்ளீஸ்" என்றார்.

வழிகளில் பிசகு இல்லை. மாப்பிள்ளைக்குப் பாதி உயிர் வந்தது. அடுத்த பட்டியலுக்குப் போனான், முகவரிப் பட்டியல். நான்கே வரிகள். ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் இவர்கள் வைத்த முகவரி. வலது பக்கம் அந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து பிறக்கும்போதே கொண்டு வந்த நீளமான எண். முகவரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பிறவி எண்ணை அப்படி மாற்றுவதில்லை. 10.0.0.5 என்பது அடுத்த எண்ணைக் கூப்பிட வரவேற்புப் பெண் அழுத்துகிற, மேஜைமேல் இருக்கும் டோக்கன் பெட்டி. அதற்கு நேரே இருந்த பிறவி எண் 3F என்று முடிந்தது. அதுவும் சரிதான்.

எல்லாமே சரியாக இருந்தது. மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். இது ஒரு தனி அவஸ்தை. கோளாறு கண்ணில் பட்டால் கைக்கு வேலை இருக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பழி மட்டும்தான் மிஞ்சும்.

அந்த நேரத்தில் தையல்காரர் பொறுமை இழந்து, தன் முறை வருவதற்கு முன்பே எடையையாவது பார்த்துவிடலாம் என்று சுண்டெலியை மேடையில் ஏற்றினார். மறுபடியும்தான், சற்று முன்னே ஒரு தடவை ஏற்றிச் சரியாக நிற்காமல் இறங்கிவிட்டதாம்.

பலகையில் 3F என்றிருந்த வால் மாப்பிள்ளையின் கண் முன்னால் A2 ஆனது. கூடவே அந்த இனிமையான குரல் ஒலித்தது.

"டோக்கன் எண் முப்பத்தெட்டு, இரண்டாம் அறைக்கு வரவும்."

குரல் மாப்பிள்ளையின் மனைவியுடையது. வெளியில் ஆள் பிடித்தால் செலவு என்று மச்சான் தங்கையையே உட்கார வைத்துப் பூஜ்யத்திலிருந்து தொள்ளாயிரம் வரை பேச வைத்திருந்தார்.

"மாறிடுச்சு!" என்று கத்திவிட்டான் மாப்பிள்ளை. "ஐயா, நாயை இறக்குங்க. அந்தப் பூனையைக் கொஞ்சம் ஏத்துங்கம்மா."

ஆறாம் எண்காரி சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் பூனையை வைத்தாள். "டோக்கன் எண் ஆறு, இரண்டாம் அறைக்கு வரவும்." முயல் ஏறியது. "டோக்கன் எண் இரண்டு." கூடம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. பலகையில் வரும் வாலை ஆளாளுக்குப் படிக்க ஆரம்பித்தார்கள். டோக்கன் பெட்டியை அழுத்தினால் 3F, மேடையில் ஏற்றினால் A2. கிளிக்காரர் கூண்டோடு வரிசையில் நின்றார். கிளிக்கு ஒரு எண்ணும் வரவில்லை என்று வருத்தப்பட்டார்.

"ரெண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி மச்சான்" என்றான் மாப்பிள்ளை. "ஒரே முகவரியில இருந்து வர்றதால பலகைக்கு வித்தியாசம் தெரியலை. எடையைப் போய் டோக்கன்னு நினைச்சுக் கூப்பிடுது. ரெண்டு எண்ணும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது பாருங்க. அந்தப் பாதி தயாரிச்ச கம்பெனியோட இனிஷியல் மாதிரி. ரெண்டுமே நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான்."

மச்சான் முகம் சுருங்கியது. "எடை மேடையிலயா தப்பு? நான் என் கையால செட் பண்ணது மாப்ளே. சும்மா இருக்கிற மெஷின்மேல பழி போடாதீங்க. இதோ பாருங்க."

சொல்லிக்கொண்டே, மெஷின் எவ்வளவு ஒழுங்கு என்று ஊருக்குக் காட்டுகிற வேகத்தில், செருப்போடு மேடைமேல் ஏறி நின்றார்.

பலகை ஒரு கணம் யோசித்தது. பிறகு, பட்டியலை ஓரமாகத் தள்ளிவிட்டு, முழு அகலத்துக்கும் எரிந்தது: 94. சொந்தத் தங்கையின் குரல், தேனாக, கூடத்தின் நான்கு மூலைக்கும் அறிவித்தது.

"டோக்கன் எண் தொண்ணூற்று நான்கு, இரண்டாம் அறைக்கு வரவும்."

இரண்டாம் அறைக் கதவு திறந்தது. கையில் நிறைத்த ஊசியோடு கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "யாருங்க தொண்ணூத்தி நாலு?"

மொத்தக் கூடமும் மச்சானைக் கை காட்டியது.

"டேய்! நிறுத்துடா அதை!" என்று அலறினார் மச்சான்.

சிரிப்பில் நாய்கள் குரைத்தன, பூனைகள் சீறின. மச்சானோ மேடையிலிருந்து இறங்குவதற்கே மறந்து நின்றார். தொண்ணூற்று நான்கு இன்னும் இரண்டு தடவை கூப்பிடப்பட்டது. அவர் முகம் வெளிறியது எடைக்காக அல்ல. தன் வாயிலிருந்து விழுந்த 'டேய்' இப்போதுதான் அவர் காதிலேயே விழுந்திருந்தது.

"மாப்ளே... வாய் தவறி... சத்தியமா..."

"முதல்ல இறங்குங்க மச்சான், மறுபடியும் கூப்பிடப் போகுது."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். மச்சான் தரையைப் பார்த்தார். மேடையைப் பொருத்திய அன்று நேரமில்லாமல் டோக்கன் பெட்டியின் செட்டிங்கை அப்படியே எடுத்து மேடைக்குள் காப்பி அடித்தது யார் என்று மாப்பிள்ளைக்கு இதற்குள் விளங்கிவிட்டது. முகவரி மட்டுமல்ல, யாருக்கு அனுப்ப வேண்டும், எந்த அறையைச் சொல்ல வேண்டும் என்பது வரை அச்சு அசல். சின்னத் திரையோடு சேர்த்துப் பெரிய பலகைக்கும் எடை போய்க்கொண்டிருந்தது.

"எங்க பக்கம் ஒரு செட்டிங் தப்பாயிடுச்சு டாக்டர். இப்போ மாத்திடறேன்" என்றான். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை.

லேப்டாப்பைத் திறந்து மேடைக்கு வேறு முகவரி கொடுத்து, அனுப்பும் இடத்தைத் திருத்தினான். பட்டியலை மறுபடியும் பலகையில் வரவழைத்தான். இப்போது ஐந்து வரிகள். 3F தன் வீட்டில், A2 தன் வீட்டில். சுண்டெலியை ஏற்றிப் பார்த்தார்கள்; பலகை வாயைத் திறக்கவில்லை. கூடம் கை தட்டியது. முயல்காரி ஏழாம் எண்ணோடு கம்பீரமாக உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் மச்சான் கியர் மாற்றும்போதெல்லாம் தொண்டையை மட்டும் செருமினார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி, சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி வழி மறித்தாள்.

"என்ன நடந்தது? அண்ணன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்றான். உங்களுக்குக் கோவமான்னு கேட்கிறான். எதுக்குக் கோவம்னா, சொல்ல மாட்டேங்கிறான். உங்களை என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலையே. எடை பார்த்தார்."

"எடையா?"

"உன் குரல்தான் படிச்சுச் சொல்லுச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சொல்லச் சொல்ல, முதலில் கையால் வாயைப் பொத்தினாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், ஊசியோடு கம்பவுண்டர் வந்த கட்டத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவம் எங்க அண்ணன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை மாப்பிள்ளையே எடுத்தான்.

"மச்சான், அந்த டேய்க்கெல்லாம் கோவம் இல்லை. நிம்மதியாத் தூங்குங்க."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு.

"அது சரி மாப்ளே. நீங்க உட்கார்ந்திருக்கீங்களா?"

"ஏன்?"

"உட்காருங்க. தண்ணி குடிங்க." மச்சானின் குரல் வரவரத் தேய்ந்தது. "அதே செட்டிங்கைத்தான் நம்ம இன்னொரு கஸ்டமரோட மொத்த வியாபாரக் கிடங்குலயும் போட்டிருக்கேன். அங்கேயும் நம்ம டோக்கன் பலகைதான், லாரியை அப்படியே ஏத்தி நிறுத்துற எடை மேடை. நாளைக்குக் காலையில திறப்பு விழா."