ஒரு கொலையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

பல் டாக்டரம்மா ஏற்கெனவே ஐந்து நாவல்கள் எழுதியிருந்தார். ஐந்தும் கனமானவை, கையில் எடுத்தாலும் சரி, மனத்தில் ஏற்றினாலும் சரி. ஒன்றில் கணவனை இழந்த பெண் நானூறு பக்கமும் சன்னலோரமே உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது. விமர்சகர்கள் கட்டுரை எழுதினார்கள். வீட்டில் யாரும் பாதியைத் தாண்டவில்லை. அண்ணிதான் பூசி மெழுகாமல் சொல்வார்: "உன் புத்தகம் எப்பவும் என் தலைமாட்டுலதான் இருக்கும். ரெண்டு பக்கம் படிச்சா போதும், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்."

ஆறாவது நாவலின் முதல் பக்கத்திலேயே டாக்டரம்மா ஓர் ஆளைக் கொன்றுவிட்டார். ஓட்டல் லிஃப்டுக்குள் பிணம். லிஃப்டில் அந்த ஆள் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. கூட ஏறியவர் யாரும் இல்லை. துப்புத் துலக்க வரும் பெண் இன்ஸ்பெக்டருக்கு வாய்த்துடுக்கு அதிகம். "என்னங்க, திடீர்னு இப்படி?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "சும்மா ஒரு மாறுதலுக்கு" என்று டாக்டரம்மா சொல்லி வைத்தார். உண்மை வேறு. அந்த இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தபோதெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவருக்கே சிரிப்பு வந்தது. முந்தைய ஐந்து நாவல்களில் ஒரு நாள்கூட வராத சிரிப்பு. அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம்.

புத்தகம் வந்த வாரமே கிளினிக் களைகட்டிவிட்டது. உதவிக்கு இருக்கும் சிஸ்டர் எக்ஸ்ரே அறைக்குள் போனால் லேசில் வெளியே வருவதில்லை. படம் எடுக்கத்தான் இவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்தால், மடியில் நாவல்.

"மேடம், அந்த ஓட்டல் மேனேஜர் மேலதான் எனக்கு சந்தேகம். அவன் முழியே சரியில்லை" என்றார் சிஸ்டர்.

"முழியைப் பத்தி நான் எழுதவே இல்லையேம்மா."

"எழுதலைன்னா என்ன, எனக்குத் தெரியாதா?"

பல் அடைக்க வந்த பஸ் டிரைவர் ஒருவர், வாய் நிறையப் பஞ்சோடு, "ஆ... ஓ... யா..." என்று எதையோ கேட்டபடி இருந்தார். வலிக்கிறதாக்கும் என்று பதறிப்போய் டாக்டரம்மா பஞ்சை எடுத்தார். "கொலை பண்ணினது யாருங்க? வீட்ல அவங்க படிச்சிட்டுத் தரவே மாட்டேங்கிறாங்க" என்றார் டிரைவர்.

அண்ணி போன் செய்தார். குரலில் ஏக எரிச்சல். "ஏண்டி, இப்படியா எழுதுவ? ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லை!"

அது டாக்டரம்மா இதுவரை வாங்கியதிலேயே பெரிய பாராட்டு. ஆனாலும் அவரால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. பழைய நாவல்களை வரிவரியாக மேற்கோள் காட்டும் இளைஞர் ஒருவர் முகநூலில், "நமக்கென்று இருந்த ஒரே சன்னலும் சாத்தப்பட்டுவிட்டது" என்று எழுதியிருந்தார். கீழே கண்ணீர் விடும் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. அதையாவது ஒரு மாதிரி ஜீரணித்துக்கொண்டார். பேராசிரியரின் மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பேராசிரியர் ஓய்வு பெற்ற இலக்கிய ஆசிரியர். முதல் நாவலிலிருந்தே டாக்டரம்மாவின் வாசகர். புத்தகம் கைக்கு வந்த இரண்டாம் நாளே போனில் கூப்பிட்டு, நல்லதையும் கெட்டதையும் பிட்டுப் பிட்டு வைப்பார். இந்த முறை நாள்கள் வாரங்களாகியும் போன் மூச்சு விடவில்லை. டாக்டரம்மாவும் கூப்பிடவில்லை. கூப்பிடப் போய், "நீங்களுமா இப்படி எழுத ஆரம்பிச்சிட்டீங்க?" என்று அவர் கேட்டுவிட்டால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் பேராசிரியரின் மனைவி போன் செய்தார்.

"டாக்டர், இவருக்குக் கடைவாய்ப் பல்லு வலி. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. உங்ககிட்ட வாங்கன்னா வரவே மாட்டேங்கிறார். வேற டாக்டர்கிட்டயாவது போங்கன்னா அதுக்கும் மாட்டேங்கிறார். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றுதான் தோன்றியது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார், என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறார் என்றால், புத்தகம் எந்த அளவுக்கு அவரை வெறுப்பேற்றியிருக்க வேண்டும்!

"உடனே கூட்டிட்டு வாங்கம்மா. டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்" என்றார்.

பேராசிரியர் கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்தபடி, தப்புச் செய்துவிட்டுப் பிடிபட்டவர்போல உள்ளே வந்தார். டாக்டரம்மாவைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். டாக்டரம்மாவும் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வாய்க்குள்ளேயே கண்ணை வைத்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பல்லின் வேர் முனையில் சீழ் கோத்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

"எத்தனை நாளா சார் இப்படி?"

"புத்தகம்..." என்று ஆரம்பித்தவர், "கொஞ்ச நாளா" என்று மாற்றிக்கொண்டார்.

ஊசி போட்டு, மரத்துப்போனதும் டாக்டரம்மா பல்லை மேலிருந்து மெல்லத் துளைத்தார். கை பழகிய வேலை. மனம் எங்கே அலைந்தாலும் கை பிசகாது. பல் திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த சீழ் பொங்கி வெளியே வந்தது. பேராசிரியரின் தோள்கள் தளர்ந்தன. இறுகப் பிடித்திருந்த நாற்காலிக் கையை விட்டார். கண்ணோரம் ஈரம்.

"இப்ப எப்படி சார் இருக்கு?"

"அப்பாடா!" என்றார், வாய் கோணிக்கொண்டு. பிறகு எழுந்து உட்கார்ந்து, வாயைக் கொப்பளித்தார். போய்விடுவார் என்று டாக்டரம்மா நினைத்தார். அவர் போகவில்லை.

"டாக்டர், உங்க நாஹல்..." மரத்த உதடு ஒத்துழைக்கவில்லை.

"பரவாயில்லை சார். அப்புறம் பேசலாம்."

"இல்லை. இப்பவே சொல்லிடுறேன்." உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு பேசினார். "நாப்பது வருஷமா வகுப்புல இந்த மாதிரி புத்தகங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டவன் நான். உங்களோடதைக் கையில எடுத்தேன், கீழே வைக்க முடியலை. சாப்பிடக் கூப்பிட்டாங்க, எழுந்திருக்கலை. நல்லா இருக்குன்னு சொன்னா, நான் சொன்னதையெல்லாம் நானே முழுங்கணும். நல்லா இல்லைன்னு சொன்னா பொய். என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் இந்தப் பக்கமே வரலை. உங்களை விட்டு வேற டாக்டர்கிட்டப் போகவும் மனசு வரலை."

"அதுக்காகவா சார் இந்த வலியைத் தாங்கிட்டு இருந்தீங்க?"

"ரெண்டுல எது பெரிய வலின்னு எனக்கே பிடிபடலை."

சிஸ்டர் எக்ஸ்ரே அறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"ஆனா ஒண்ணு" என்றார் பேராசிரியர். உதடு தொங்கினாலும் குரலில் பழைய வாத்தியார் திரும்பிவிட்டார். "முதல் அறுபது பக்கம் தேறாது. பிணத்தைக் காட்டுறீங்க, உடனே சாவைப் பத்தி ரெண்டு பக்கம் தத்துவம். எங்களை மாதிரி ஆளுங்க திட்டுவோம்னு பயந்து முன்ஜாமீன் வாங்கியிருக்கீங்க. அதுக்கப்புறம் எங்களைச் சுத்தமா மறந்துட்டீங்க. அங்கேதான் புத்தகமே ஆரம்பிக்குது. அடுத்ததுல அந்த ஜாமீன் வேண்டாம்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர் சொன்னது அத்தனையும் சரி. அந்தப் பக்கங்களை எழுதும்போது வியர்த்துக்கொட்டியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இதைத்தான் அவர் இத்தனை வாரமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தார்போல.

"அடுத்ததுன்னா சார்... அதே இன்ஸ்பெக்டரா?"

"பின்னே? அந்தப் பொண்ணை நடுவுல விட்டீங்கன்னா நான் வேற டாக்டரைப் பார்த்துப்பேன்."

மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் ரூட் கெனாலை முடிக்க வரச் சொல்லி அனுப்பினார். வாசலில் பேராசிரியரின் மனைவி, "என்ன டாக்டர், உள்ளே ஒரே பேச்சுச் சத்தம்? பல்லுதானே பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"பல்லும் பார்த்தோம்மா" என்றார் டாக்டரம்மா.

அன்று மதியம் அடுத்த நோயாளி வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. அந்த இளைஞர் முகநூலில் இன்னொரு இரங்கல் போட்டிருப்பதாகச் சிஸ்டர் போனை நீட்டினார். டாக்டரம்மா வாசித்தார். நல்ல நடை, இந்தப் பையன் எழுத்தாளனாக வருவான் என்றுதான் தோன்றியது. முன்புபோல எங்கும் குத்தவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் முதுகை நீட்டலாமென்று நோயாளிகள் நாற்காலியில் சாய்ந்தார். சிஸ்டர் திரும்பி வந்து பார்த்தபோது, செருப்பு ஒன்று கீழே கிடக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, டாக்டரம்மா பல வாரங்களுக்குப் பிறகு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் மேலே எரிந்த விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்தினார்.